ஸத்தியானந்த ஸ்டோக்ஸ்

பிறந்த நாட்டை விட்டுப் பிறநாடு புகுந்து, ஆங்கு நிலம் வாங்கிப் பயிர்த்தொழில் நடத்துதல் மக்கட்குப் புதிதன்று. எங்கள் இராஜபாளையத்து ராஜுக்களின் முன்னோர் விஜயநகரப் பேரரசு தளர்ந்த காலத்தை ஒட்டித் தெலுங்கு நாட்டினின்றும் தெற்கே போந்து, மேற்கு மலையின் அடியிற் குடியேறி, கரிசலை உழுது பருத்தி விளைத்து, மலையடிவாரத்தில் மாந்தோப்புக்கள் வைத்து, இன்று அம்மண்ணின் மக்களாகவே விளங்குகின்றனர். அவ்வாறே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் மீது நின்று மேற்கே நோக்கின் தோன்றும் மலைகளுக்கு அப்பால், பீருமேட்டிலும் தேவிகுளத்திலும், ஆங்கில நாட்டுத் துரைமார் வந்து காடு வெட்டித் தேயிலை பயிரிட்டனர். ஆயின் முன்னையோர் வந்த நாட்டையே தம் நாடாகக் கொண்டனர். பின்னையோர் ஈட்டிய பொருளோடு தம் நாடு திரும்பினர். இவ்விருவகையாருள் முதல்வகையைச் சார்ந்த வெள்ளையர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய், இமயமலைச் சாரலில் நிலம் வாங்கி, ஆப்பிள் மரம் நட்டு, அம்மலை மக்களின் வாழ்வையே மாற்றியமைத்த சாமுவேல் ஈவான்ஸ் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்கரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஸ்டோக்ஸ் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள பிலடெல்பியா நகரிற் பிறந்தார். அவர் தம் குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினைச் சார்ந்தது. ஆடம்பரம், ஆயுதம், அடிமை வியாபாரம் ஆகிய மூன்றையும் அறவே வெறுத்த பிரிவு அது. தந்தையார் பொறியியல் வல்லுநர். மாடிகளுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றியிறக்கும் மின்தூக்கிகள் செய்யும் தொழிற்சாலையை உடையவர். செல்வத்திற்கு யாதொரு குறைவுமில்லை. மகன் அத்தொழிலை ஏற்று நடத்துவான் என்று தந்தையார் எண்ணியிருத்தல் இயல்பே. ஆனால் மகனுக்கு இயந்திரத்தில் நாட்டமில்லை. வியாபாரத்திலும் மனஞ் செல்லவில்லை. அந்நாளில் இந்தியாவிலே சிம்லாவுக்கு அணித்தாகிய ஸபாத்து என்னும் ஊரிற் குஷ்டரோகிகளுக்கென அமைந்த இல்லத்தை நடத்திவந்த டாக்டர் கார்ல்ட்டன் என்பாரும் அவர் மனைவியாரும் அமெரிக்கா சென்றிருந்தனர். அவர்கள்பால் அவ்வில்லத்தைப் பற்றிக் கேட்டறிந்த ஸ்டோக்ஸ், தாமும் உடன்வர விரும்பினார். பெற்றோர் அரைமனதோடு விடை கொடுத்தனர். 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. இதனை வாசிக்கும் நம்முள் பலருக்கும் ஏறத்தாழ அவ்வயதே.

மறுவருஷம் ஏப்பிரல் 4-ஆம் நாள் காங்கடா பள்ளத்தாக்கிற் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. சில நிமிஷங்களுக்குள் ஏறக்குறைய இருபதினாயிரம் மக்கள் மாண்டனர். ஸ்டோக்ஸ் ஆங்குச் சென்று, இடிபாடுகளுக்கிடையே தவித்தாருக்குத் தொண்டு புரிந்தார். அவ்வேலையில் உடல்நலங் குன்றவே, ஓய்வு பெறும் பொருட்டுச் சிம்லாவுக்கு வடகிழக்கே ஐம்பது மைல் அளவிலுள்ள கோட்கர் என்னும் மலைநாட்டுச் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். இந்துஸ்தான்-திபேத்துச் சாலை என்று பெயர் பெற்ற மலைப்பாதையின் ஓரத்தில், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கினை நோக்கி அமைந்த ஊர் அது. 1840-களிலேயே ஆங்கு மிஷன் தொண்டு தொடங்கி, பள்ளியும் கோயிலும் ஏற்பட்டிருந்தன. ஓய்வுக்கென வந்த இடமே பின்னர் அவர் வாழ்விடமாயிற்று.

குஷ்டரோகிகளிடையே பணியாற்றிய காலத்திலேயே ஒரு கேள்வி அவர் உள்ளத்தை வருத்தியது. வெள்ளைக்காரர் வீட்டில் வசித்து, வெள்ளைக்காரர் உணவை உண்டு, வேலையாட்கள் சூழ இருந்துகொண்டு, ஏழைகட்கு அன்பைப் போதித்தல் எங்ஙனம் பொருந்தும் என்பதே அக்கேள்வி. இக்கேள்விக்கு அவர் கண்ட விடை கடுமையானது. 1907-இல் தம் உடைமைகளைத் துறந்து, அஸிஸி பட்டணத்துப் பிரான்சிஸ் முனிவரைப் பின்பற்றித் துறவியர்க்குரிய அங்கி தரித்து, வெறுங்காலினராய் மலைக்கிராமங்களில் நடக்கலாயினார். நம் திருநெல்வேலி நாட்டார்க்கு இத்தகைய முயற்சி அறியாததன்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உயர்ந்த பதவி பெற்றிருந்த ராக்லாந்து ஐயர், 1850-களில் சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களிற் கூடாரமடித்து ஊர் ஊராகத் திரிந்து, 1858-இல் சிவகாசியிலேயே உயிர் நீத்தாரல்லரோ? ராக்லாந்து கூடாரத்தோடு நின்றார். ஸ்டோக்ஸ் கூடாரத்தையும் விட்டார்.

அக்காலத்தில் அவரோடு கூடித் திரிந்தவருள் ஒருவர் சாது சுந்தர் சிங். 1905-இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்ற அச்சீக்கிய இளைஞருக்கு அந்நாளில் பதினெட்டு, பத்தொன்பது வயதே. பிற்காலத்தில் 1918-இல் தென்னாட்டுக்கு வந்து திரள் திரளான மக்களுக்குப் பேசிய அச்சாதுவின் பெயரைத் தமிழ்க் கிறிஸ்தவருள் அறியாதார் இலர். அவருக்குத் துணையாயிருந்த அமெரிக்கரின் பெயரையோ நம்மவர் அறியார். இதனை யான் குறையாகவே கருதுகின்றேன். 1910-இல் ஸ்டோக்ஸ் இயேசுவைப் பின்பற்றும் சகோதரர் சங்கம் ஒன்றை லாகூர் அத்தியட்சரின் ஆசியோடு ஏற்படுத்தினார். தீனபந்து ஆண்ட்ரூஸும் அதனோடு தொடர்புடையவராயிருந்தார்.

ஆயின் அச்சங்கம் நெடுநாள் நிற்கவில்லை. ஸ்டோக்ஸே அதனை விட்டு விலகினார். துறவிக்கு மக்கள் காட்டும் மதிப்பு பெரிது. ஆனால் துறவியைக் கண்டு குடும்பஸ்தன் தன் வாழ்வைத் திருத்திக்கொள்வதில்லை. அவர் வேறு, நாம் வேறு என்று விலகி நின்று வணங்குகிறான். வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் இடையேயுள்ள சுவரைத் துறவியின் அங்கி இடிக்கவில்லை. வேறொரு வகையில் உயர்த்தியது என்றே கூறலாம். இதனை உணர்ந்த ஸ்டோக்ஸ், இந்தியரோடு இந்தியராய் இல்லறம் நடத்தித் தம் கையால் உழைத்து உண்பதே நேரிய வழி எனத் தெளிந்தார். 1912-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், கோட்கரைச் சார்ந்த இராசபுத்திரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணாகிய ஆக்னெஸ் அம்மையாரை மணந்தார். வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேசையில் உண்பதையே சிம்லாத் துரைமார் சகியாதிருந்த காலம் அது.

இனி அவர் நிலம் வாங்கிய வரலாற்றுக்கு வருவோம். கோட்கருக்கு அருகில் தானேதார் என்னும் இடத்தில், பாரோபாக் என்ற பெயரால், ஏறத்தாழ 200 ஏக்கர் அளவுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்று இருந்தது. அதனை வைத்திருந்த ஆங்கிலேயர் இறந்துபோக, அவர் மனைவியார் அதனை விற்க முன்வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த குடும்பப் பணத்தைக் கொண்டு ஸ்டோக்ஸ் அதனை வாங்கினார். எல்லாவற்றையும் துறந்தவர் சில ஆண்டுகட்குள் 200 ஏக்கருக்கு உடையவரானது முரணாகத் தோன்றலாம். தோன்றத்தான் செய்தது, அவருடைய பழைய நண்பர் சிலருக்கு வருத்தமும் உண்டாயிற்று. ஆனால் ஒருவர் பொருளை எங்ஙனம் விட்டார் என்பதினும் எங்ஙனம் ஆண்டார் என்பதையே நாம் ஆராய்தல் வேண்டும்.

அவர் முதற்கண் கோதுமை, வாற்கோதுமை, அவரை, பட்டாணி, காய்கறி முதலியவற்றைப் பயிரிட்டார். மலைச்சரிவிற் படிப்படியாக வெட்டிய சிறு வயல்களில் விளைவன குடும்பத்தின் உணவிற்கே போதாமையையும், கைக்குக் காசு வருவதற்கு வழியில்லாமையால் அண்டையயலார் கடனில் மூழ்குதலையும் கண்டார். சிறிய நிலத்தில், சரிந்த மண்ணில், குளிர்ந்த காற்றில், விலை பெறும் பொருள் எதனை விளைக்கலாம் என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் முடிவே ஆப்பிள்.

இவ்விடத்து ஒன்றை விளக்க வேண்டும். இமயச் சாரலுக்கு ஆப்பிளை முதன்முதற் கொணர்ந்தவர் ஸ்டோக்ஸ் அல்லர். 1870-ஐ ஒட்டிக் குலுப் பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்னுமிடத்தில் லீ என்ற ஆங்கிலப் படைத்தலைவர் தோட்டம் வைத்திருந்தார். ஆனால் அவர் நட்டவை இங்கிலாந்தில் விரும்பப்படும் புளிப்புச் சுவை மிக்க வகைகள். புளியும் எலுமிச்சையும் சமையலறையில் நிறைந்திருக்கும் இந்நாட்டார் பழத்தில் இனிப்பையே தேடுவர். சந்தையில் மதிப்பில்லாமையால் அவை துரைமார் தோட்டத்தளவில் நின்றன. ஸ்டோக்ஸ் செய்தது வேறு. உண்பார் நாவுக்கு ஏற்ற வகையைத் தேடிக் கண்டதும், அதனைக் குடியானவன் வயலுக்குள் கொண்டு சேர்த்ததும் அவர் செயல்.

அவர் தேர்ந்த வகையின் பிறப்பே ஒரு கதை போன்றது. அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்னும் குடியானவரின் தோட்டத்தில் வரிசைக்குப் புறம்பே ஓர் ஆப்பிட் செடி தானே முளைத்தது. அவர் அதனை வெட்டியெறிந்தார், மீண்டுந் தளிர்த்தது. மறுபடியும் வெட்டினார், மறுபடியும் தளிர்த்தது. இத்துணைப் பிடிவாதமுள்ள செடி வாழட்டுமென்று விட்டுவிட்டார். அது காய்த்த பழத்தை 1893-இல், மிஸௌரி மாகாணத்து லூயிஸியானா என்னும் ஊரில் ஸ்டார்க் சகோதரர் நாற்றுப்பண்ணையார் நடத்திய போட்டிக்கு அனுப்பினார். பண்ணையார் அதனைச் சுவைத்து வியந்தனர். ஆயின் அனுப்பியவர் பெயர் எழுதிய சீட்டுத் தொலைந்துபோயிற்று! மறு ஆண்டு அவர் திரும்பவும் அனுப்பிய பின்னரே ஆள் அகப்பட்டார். பண்ணையார் உரிமையை விலைக்கு வாங்கி, அப்பழத்திற்கு டெலிஷியஸ் என்று பெயரிட்டனர். அதுவே பின்னர் ரெட் டெலிஷியஸ் ஆயிற்று. அடர்ந்த சிவப்பு நிறமும், அடியில் ஐந்து முனையும், புளிப்பற்ற இனிப்பும், நெடுநாள் கெடாது நிற்குந் தன்மையும் உடையது. கோவேறு கழுதையின் முதுகிற் பெட்டி கட்டி மலைப்பாதையில் ஐம்பது மைல் சென்றாலன்றிச் சந்தை காணமுடியாத கோட்கருக்குப் பிற்கூறிய குணம் எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த ஸ்டார்க் சகோதரரிடமிருந்து 1916-இல் ஸ்டோக்ஸ் கன்றுகளைத் தருவித்து நட்டார்.

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் பழம் வாராது. நம் இராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழத்தின் கொட்டையைப் புதைத்து வளர்த்தவர் அறிவர்: மரம் வரும், காயும் வரும், சப்பட்டையின் சுவை வருமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது போலவே, ஆப்பிளுக்கும் காட்டுவகைச் செடியை அடியாகக் கொண்டு, வேண்டிய மரத்தின் சிறு கொம்பை அதன்மேற் பொருத்தி ஒட்டுதல் வேண்டும். அயோவாவில் வெட்ட வெட்டத் தளிர்த்த அம்மரத்தின் ஒரு கூறே கோட்கரில் உள்ள ஒவ்வொரு டெலிஷியஸ் மரமும் என்பது இதனாற் பெறப்படும். மாவுக்கும் ஆப்பிளுக்கும் மற்றொரு வேறுபாடுண்டு. மா வெம்மையை விரும்புவது. ஆப்பிளோ குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கியாக வேண்டும். 7 பாகை செல்ஸியஸுக்குக் கீழ்ப்பட்ட குளிர் ஏறத்தாழ 1,000 மணிநேரமேனும் கிடைத்தாலன்றி இவ்வகை செவ்வனே பூவாது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், பனி பெய்யும் தானேதாரில் அக்குளிர் தட்டின்றிக் கிடைத்தது. அன்றியும் டெலிஷியஸ் மரம் தன் இனத்துப் பூந்தாதினாற் காயாது. பக்கத்தில் வேறு வகை மரம் வேண்டும். 1921-இல் ஸ்டோக்ஸின் தாயார் கிறிஸ்துமஸ் பரிசாகக் கோல்டன் டெலிஷியஸ் என்னும் பொன்னிற வகையின் கன்றுகளை அமெரிக்காவிலிருந்து அனுப்பினார். அது தன் பழத்தாலும் பயன்பட்டது. சிவப்பு வகைக்குப் பூந்தாது உதவியும் பயன்பட்டது.

மரம் நட்டவன் உடனே பயன் காண்பதில்லை. சுமார் பத்தாண்டு சென்ற பின்னரே, 1926-ஐ ஒட்டி, ஸ்டோக்ஸின் தோட்டத்துப் பழம் சந்தைக்கு வந்து நல்ல விலை பெற்றது. அதுகாறும் அண்டையயலார் பின்பற்றாது நின்றமையை அறியாமை என்று இகழ்தல் தகாது. உண்ணுங் கோதுமை விளையும் வயலில் மரத்தை நட்டுவிட்டு, அது காய்க்கும் வரை பிள்ளைகளுக்கு எதனை ஊட்டுவது? குடும்பப் பணம் பின்னின்ற ஸ்டோக்ஸுக்கு அக்கவலையில்லை, அவர்களுக்கு இருந்தது. ஸ்டோக்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். ஆதலால் வயலை முற்றும் மாற்றச் சொல்லாது, வரப்பிலும் வெறுஞ் சரிவிலும் சில மரங்களை வைக்கச் சொல்லி, கன்றும் ஒட்டுக் கொம்பும் தாமே கொடுத்து, ஒட்டுக் கட்டவும், கொம்பு கழிக்கவும், பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கவும் கற்பித்தார். தம் தோட்டத்து வகையைத் தமக்கே உரியதாக வைத்துக்கொண்டு பெரும் பொருள் ஈட்டுதல் அவருக்கு எளிதாயிருந்திருக்கும். பிற தோட்டக்காரர் பலர் அங்ஙனமே செய்தனர். அயலாருக்குப் போட்டியாகத் தாமே அயலாரைப் பழக்கிய வியாபாரி இவர் ஒருவரே போலும்.

பயிர்த்தொழிலோடு நின்றிருப்பின் அவர் நல்ல குடியானவர் என்ற அளவில் முடிந்திருப்பார். ஆயின் மலைநாட்டில் பேகார் என்னும் கொடுமை ஒன்று இருந்தது. இந்துஸ்தான்-திபேத்துச் சாலை வழியே அரசாங்க உத்தியோகஸ்தர் வந்தாலும், வேட்டைக்குத் துரை வந்தாலும், அவர்தம் மூட்டைகளைச் சுமக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும். விதைப்பா, அறுவடையா, வீட்டில் நோயாளி உண்டா என்று கேட்பாரில்லை. கூலி பெயரளவே; பல வேளை அதுவுமில்லை. நம் பக்கத்து ஜமீன்களில் நிகழ்ந்த வெட்டி வேலையை ஒத்தது இது. தம் தோட்டத்தில் வேலை செய்வோர் உழுகின்ற ஏரை நிறுத்திவிட்டு மூட்டை சுமக்கப் போதலை ஸ்டோக்ஸ் ஆண்டுதோறும் கண்டார். விண்ணப்பங்கள் எழுதினார், அதிகாரிகளைச் சந்தித்தார், பயனில்லை. பின்னர்க் கோட்கர் மக்களை ஒன்று திரட்டி, இனிக் கட்டாயச் சுமை சுமப்பதில்லை என்னும் உறுதி எடுப்பித்தார். மலைமக்கள் அதனின்றும் பிறழவில்லை. 1921-இல் அரசாங்கத்தார் இறங்கிவந்து அவ்வழக்கத்திற்கு வரம்பு கட்டி ஆணை பிறப்பித்தனர். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. ஓர் உயிர் போகவில்லை. காந்தியடிகள் தம் பத்திரிகையில் இதனைப் பாராட்டி எழுதினார்.

1919-இல் அமிர்தசரஸில் நிகழ்ந்த படுகொலை நாட்டைக் கலக்கியது போலவே அவரையும் கலக்கிற்று. 1920 டிசம்பரில் நாகபுரியிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குக் கோட்கர்ப் பிரதிநிதியாகச் சென்றார். கதர் உடுத்தினார். அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியில் அங்கம் பெற்ற அமெரிக்கர் அவர் ஒருவரே. இந்திய அரசியல் குறித்த அவருடைய கட்டுரைகள் 1921-இல் நம் சென்னையிலேயே நூலாக அச்சிடப்பெற்றன. அவ்வாண்டு டிசம்பர் 3-ஆம் நாள், லாகூருக்குப் பிரயாணஞ் செய்கையில் வாகா நிலையத்திற் கைது செய்யப்பட்டார். இராஜத் துவேஷக் குற்றம் சாட்டப்பட்டது. நன்னடத்தைக்கு ஜாமீன் கொடுத்து வெளிவருதல் கூடும், அவர் கொடுக்கவில்லை. எதிர்வழக்காடவுமில்லை. ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்கெனச் சிறையில் தனி வசதிகள் இருந்தன. அவற்றையும் தமக்கு வேண்டாவென மறுத்தார். தாயார் அனுப்பிய பொன்னிறக் கன்றுகளின் பரிசுக்குரிய அக்கிறிஸ்துமஸ் நாளில் ஸ்டோக்ஸ் சிறையில் இருந்தார். ஆக்னெஸ் அம்மையார் சிறு குழந்தைகளோடும் தோட்டத்தோடும் தனித்திருந்தார். இவ்வம்மையாரைப் பற்றி எழுதுவார் சுருங்கவே எழுதுகின்றனர். ஆறு மாத காலம் 200 ஏக்கர் நிலத்தை மேற்பார்த்தல் எளிய செயலன்று.

விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளில் அவர் தீவிர அரசியலினின்றும் விலகி, தோட்டத்தையும் கல்வியையும் தம் பணியாகக் கொண்டார். அவருக்கு மக்கள் எழுவர் பிறந்தனர். அவருள் தாரா என்னும் சிறுவன் இளவயதில் நோயுற்று இறந்தான். அப்புதல்வன் பெயரால் தாரா பள்ளி என ஒன்றைத் தம் இடத்திலேயே நிறுவி, தம் மக்களையும் ஊரார் மக்களையும் ஒருங்கே அமர்த்திக் கற்பித்தார். பாடத்தோடு தோட்டவேலையும் ஆங்குக் கற்பிக்கப்பட்டது.

இதுவரை கூறியவற்றை எந்தக் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையும் தயங்காது வெளியிடும். இனிக் கூறுவதும் கூறாது விடத்தக்கதன்று. ஸ்டோக்ஸ் வடமொழி கற்று, உபநிடதங்களையும் பகவத் கீதையையும் பல்லாண்டு ஆராய்ந்தார். இறுதியில் 1932-ஆம் ஆண்டு ஆரியசமாஜ முறைப்படி, மனைவி மக்களோடு இந்து சமயம் புகுந்து, ஸத்தியானந்தர் என்னும் பெயர் பூண்டார். ஆக்னெஸ் அம்மையார் பிரியாதேவி ஆயினார். துறவியாகச் சுந்தர் சிங்கோடு நடந்தவர் இங்ஙனம் செய்தது அக்காலத்து மிஷனெரிமார்க்குப் பேரிடியாயிருந்தது. காரணம் இரண்டு கூறப்படுகின்றன. நித்திய நரகம் என்னும் போதனையைத் தம் உள்ளம் ஏலாமை ஒன்று. கோட்கர்ச் சமுதாயத்தில் தம் மக்கள் கொள்வினை கொடுப்பினையின்றி ஒதுங்கிய சிறு கூட்டமாய் நின்றுவிடுவர் என்னும் கவலை மற்றொன்று. முற்கூறியது சமயத்தைப் பற்றியது. அதில் அவரோடு யான் உடன்படேன். பிற்கூறியதோ நம்மைச் சுடுவது. ஒருவன் கிறிஸ்தவனானால் அவன் ஊராருக்கு அந்நியனாய்விடுகிறான் என்ற நிலை அம்மலையில் இருந்தது. நம் தெருக்களில் இல்லையென்று எவரே துணிந்து கூறுவர்? மேனாட்டு உடை, மேனாட்டுப் பெயர், மேனாட்டுப் பாட்டு ஆகியவற்றோடு கலந்து மார்க்கத்தை அளித்தால், அதனை ஏற்றவன் எந்த ஊரில் வேர்விடுவான்? இயேசு பெருமான்பால் அவர் வைத்த அன்பு 1932-க்குப் பின்னும் மாறவில்லையென அவரை அறிந்தோர் உரைத்துள்ளனர். தம் வீட்டின் மேலுள்ள குன்றில் 1937-இல் பரமஜோதி மந்திர் என்னும் கோயிலை மரத்தாலும் கல்லாலும் எடுப்பித்து, உபநிடத, கீதை வாக்கியங்களை மரத்திற் செதுக்குவித்தார். அது இன்றும் தானேதாரில் உள்ளது.

அவர் காலத்திலேயே கோட்கர் மலை முழுதும் ஆப்பிள் பரவிற்று. கடனாளிகள் நிலமீட்டனர், மூட்டை சுமந்தவர் மக்கள் பள்ளிக்குச் சென்றனர். பின்னர் 1971-இல் தனி மாநிலமான இமாசலப் பிரதேசத்தின் தலையாய பணப்பயிர் ஆப்பிளே. ஆனால் பயிரென்பது ஒரு முறை வைத்தால் என்றைக்கும் நிற்பதன்று. குளிர்காலப் பனி குறைந்துவருதலால் தாழ்ந்த சரிவுகளில் விளைச்சல் குன்றி, தோட்டங்கள் மேன்மேலும் உயரத்திற்கு ஏறுகின்றன; ரெட் டெலிஷியஸுக்குப் பதிலாகக் காலா முதலிய புதுவகைகளைப் பலர் நடுகின்றனர். கோதுமை வயலை மரத்திற்கு விட்டுக்கொடுக்கத் தயங்கிய பாட்டன்மார் நின்ற இடத்திலேயே, நின்ற மரத்தை வெட்டத் தயங்கிப் பேரன்மார் நிற்கின்றனர்.

ஸ்டோக்ஸ் அமெரிக்கா சென்று குடியிருக்க மீண்டும் எண்ணியவரல்லர். 1946-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் நோயுற்று இறந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியா சுதந்திரம் பெற்றது. அவர் மைந்தருள் ஒருவராகிய லால்சந்தை மணந்த வித்யா ஸ்டோக்ஸ் அம்மையார், பிற்காலத்தில் இமாசலப் பிரதேசச் சட்டசபையின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கினார். ஸ்டோக்ஸ் கட்டிய ஹார்மனி ஹால் என்னும் வீடு தானேதாரில் ஆப்பிள் மரங்களுக்கிடையே நிற்கின்றது.